கைவித்தைக்கு இரண்டு ரூபாக் குற்றி: பழகிப் பார்த்த கதை

நாணயக் கைவித்தைக்குப் பெரிய காசு வேண்டும். ஜே. பி. போபோ 1952இல் எழுதிய ‘மொடர்ன் கொயின் மேஜிக்’ நூலைப் பிரித்தால், அமெரிக்க அரை டொலர்தான் கைக்கு வருகிறது: விட்டம் 30.6 மி.மீ., எடை 11.34 கிராம். அதை மாத்தளைக்குத் தருவிக்கத் தபால் செலவே காசின் பெறுமதியைத் தாண்டிவிடும். ஆகவே தம்புள்ளை பஸ்ஸில் கிடைத்த மிச்சக்காசையும் கடை லாச்சிகளில் கிடந்த பழைய குற்றிகளையும் வைத்துப் பழகிப் பார்த்தேன்.

உள்ளங்கையில் ஒளிக்கும்போது காசைத் தாங்குவது பெருவிரலடித் தசையும் எதிர்ப்பக்கத்துச் சதையும். காசு சிறிதானால் இரண்டையும் கூடுதலாக நெருக்கவேண்டும். பெருவிரல் உள்ளே மடங்கும். கையில் ஏதோ இருக்கிறதென்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஐந்து ரூபா தடிப்பானது, ஆனால் 23.5 மி.மீ.தான். மடித்த விரல்களுக்குள் ஒளிக்க நல்லது, உள்ளங்கைக்கு ஆகாது. ஏழு பக்க இருபது ரூபா அளவில் பெரிது. ஆனால் மூலை படும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறுவதால் பிடி ஒரேமாதிரி அமைவதில்லை. விரல் மொழிகளின் மேல் உருட்டினாலும் மூலை தடுக்கும்.

வெல்வது பழைய இரண்டு ரூபா. வட்டமானது, 28.5 மி.மீ. அதிலும் இரண்டு வகை உண்டு. 2004 வரையானது செம்பு-நிக்கல், 8.25 கிராம், 2005 முதல் வந்தது நிக்கல் பூசிய உருக்கு, 7 கிராம். ஆண்டு தேய்ந்திருந்தால் சின்னக் காந்தமொன்றைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒட்டினால் உருக்கு. ஒட்டாததையே எடுங்கள், பாரம் கையில் தெரியும். 2017க்குப் பிறகு வந்த குற்றிகள் சிறுத்துவிட்டன, அவை வேண்டாம்.

உள்ளங்கைக்கு விளிம்பு தேயாத குற்றி பிடிக்கும். அடுக்கி நகர்த்தும் வித்தைக்குத் தேய்ந்ததே நல்லது. ஒன்றின்மேல் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கும்.

குறையும் உண்டு. அரை டொலரைவிட மூன்று கிராம் குறைவு. பெரிய கைக்காரருக்கு அளவும் சற்றுப் போதாது. 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா 28.28 கிராம் வெள்ளி, பெரிய காசுதான்; ஆனால் அது சேகரிப்பாளர் விலைக்குப் போகும்.

இரண்டு ரூபாவுக்கு இன்னொரு பலமும் உண்டு. வெளிநாட்டுக் காசைக் கண்டால் சனம் அதிலேதான் சூது என்று நினைக்கும். இது எல்லோரும் செலவழித்த காசு. வாங்கிப் பார்த்துவிட்டுச் சந்தேகமில்லாமல் திருப்பித் தருவார்கள். பழக நான்கு குற்றி போதும். எட்டு ரூபா. அந்தக் காசுக்கு மாத்தளையில் ஒரு பிளேன்டீகூட வராது.