வள்ளுவர் காட்டும் வரவும் செலவும்

சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை வரையும் மாணவர் பலர் விரும்பி எடுத்தாள்வது, வலியறிதல் அதிகாரத்தின் எட்டாம் குறளாகும். பொருள் வரும் வழி சிறிதாயினும் அது போகும் வழி விரியாதிருப்பின் கேடில்லை என்பது அதன் கருத்து. செலவைக் குறைத்தால் வறுமை வாராது என்னும் அறிவுரையாகவே இக்குறள் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

முதலாவதாக, குறள் நிற்கும் இடத்தை நோக்க வேண்டும். வலியறிதல், செயலில் இறங்குமுன் ஆற்றலைச் சீர்தூக்குமாறு அரசனுக்கு உரைக்கும் அதிகாரம். அவ்வாற்றல்களுள் ஒன்றாகவே பொருளும் ஈண்டு எண்ணப்படுகிறது. மேலும், இதற்கு முந்திய குறள் அளவறிந்து ஈவதைப் போற்றுகிறது. ஆகவே, கருமித்தனத்துக்கு இவ்வதிகாரத்தில் இடமில்லை.

இரண்டாவதாக, வருவாய் சிறுத்தவனைப் பற்றியே குறள் பேசுகிறது. வருவாய் அற்றவனைப் பற்றி அன்று. இவ்வேறுபாட்டை மலேசியத் தொழிலாளர் வாழ்வு தெளிவாக்கும். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதி, முதுமைக்கென வகுக்கப்பட்டது. கொரோனாத் தொற்றின்போது, 2020 முதல் 2022 வரை, நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி ஏறத்தாழ 14,500 கோடி ரிங்கிட் அந்நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தோர் அனைவரும் வறியவர் அல்லர். ஆயினும், வேலையும் கூலியும் நின்ற வீட்டில் அப்பணம் அரிசியாகவும் வாடகையாகவும் மாறியது. அவ்வீட்டாரிடம் செலவைச் சுருக்குக எனக் குறளைக் காட்டுவது வள்ளுவர்க்கே பொருந்தாது. இரந்துதான் உயிர் வாழவேண்டுமெனின் உலகைப் படைத்தவனே கெடுக என்று இரவச்சத்தில் சினந்தவர் அவர்.

குறள் நேரே பொருந்தும் இடமும் உண்டு. 2024 மே 11ஆம் நாள் முதல், சந்தாத் தொகையில் பத்து விழுக்காடு, எந்நேரமும் எடுக்கத்தக்க தனிக் கணக்கில் சேர்கிறது. அவசரத்துக்கு உதவ வந்த அக்கணக்கு தவணைப் பொருள்களுக்கும் கேளிக்கைக்கும் கரையுமாயின், அங்கே போகும் வழி விரிந்துவிட்டது எனலாம். வரவு இருந்தும் அளவு அறியாத நிலை அது.

எனவே, வலியறிதலைக் கற்பிக்கும் ஆசிரியர், நல்குரவையும் இரவச்சத்தையும் உடன்வைத்துக் கற்பித்தல் நலம். ஒரு குடும்பத்தின் செலவு விரிந்ததா, வரவு அடைபட்டதா என்று முதலில் கேட்க மாணவர் அப்போது பழகுவர். தம் பெற்றோரின் இல்லாமையைக் குற்றமாகக் கருதும் தாழ்வுணர்ச்சியும் அவர்களை அணுகாது.