இஸ்மாஈல்: இடுகுறியா, காரணப் பெயரா?

பிள்ளைக்குப் பேர் வைக்கப் புரட்டுகிற கைநூல்களில் ஜமீலுக்கும் கரீமுக்கும் கருத்து இருக்கும். இஸ்மாஈல் என்று வந்தால் ‘ஒரு நபியின் பெயர்’ என்பதோடு சரி. அது அறிமுகம், கருத்தல்ல.

அரபு இலக்கணக்காரர் இப்பெயரை ‘அஃஜமி’, அதாவது பிறமொழிப் பெயர் என்றார்கள். அதனால்தான் அது தன்வீன் ஏற்பதில்லை. நன்னூல் படித்தவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், அரபியில் அது இடுகுறி போல நிற்கிறது. ஹிப்ருவிலோ பச்சைக் காரணப் பெயர். ‘யிஷ்மஃ’ என்றால் அவன் கேட்கிறான். ‘ஏல்’ என்றால் இறைவன். ஹாஜராவின் துயரத்தை இறைவன் கேட்டதே பெயருக்குக் காரணம் என்கிறது ஆதியாகமம் (16:11).

குர்துபி தமது தப்ஸீரில் வேறொரு செய்தியை எடுத்துத் தருகிறார். இப்றாஹீம் நபி ‘இஸ்மஃ யா ஈல்’ (கேள், இறைவா) என்று துஆச் செய்தாராம். பிள்ளை கிடைத்ததும் அதையே பேராக வைத்தாராம். காதுக்கு இனிமைதான், ஆனால் சொல்லின் கட்டு இதற்கு இடம் தராது. ‘யிஷ்மஃ’ ஏவல் அல்ல, படர்க்கை வினை. ‘யா’ என்ற விளியும் அதில் இல்லை. முதலில் நின்ற யகரம் அரபியில் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யிஸ்ராஏல் இஸ்ராஈல் ஆனதும் அப்படித்தான்.

எண்டாலும் அந்தக் கதையைச் சொன்னவர் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்: இது துஆவோடு ஒட்டிய பெயர். அதற்குக் கதையே தேவையில்லை, அல்குர்ஆனில் இருக்கிறது. ஸூரா இப்றாஹீமின் 39ஆம் வசனத்தில், முதுமையில் இஸ்மாஈலையும் இஸ்ஹாக்கையும் தந்ததற்காக நபியவர்கள் அல்லாஹ்வைப் புகழ்கிறார்கள். அவ்வசனம் அவனை ‘ஸமீஃ’ என்று சொல்லி முடிகிறது. அல்பகறா 127இல் தந்தையும் மகனும் கஃபாவின் அடித்தளத்தை உயர்த்துகிறார்கள். இஸ்மாஈல் என்ற பெயரை அடுத்துத் தொடங்கும் துஆவிலும் அதே ‘ஸமீஃ’. ஸீன், மீம், ஐன்: பெயருக்குள் இருக்கும் மூன்று எழுத்துக்கள். இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பில் இது அநேகமாகக் காணாமற் போகிறது. ஓரிடத்தில் ‘செவியேற்பவன்’, மற்ற இடத்தில் ‘அங்கீகரிப்பவன்’ என்று போட்டால் பொருளில் பிழையில்லை, எதிரொலி போய்விடும். தமிழுக்கோ அரபியிலும் ஹிப்ருவிலும் இல்லாத ஒரு வசதி உண்டு. வேண்டுவதும் ‘கேள்’, செவியுறுவதும் ‘கேள்’. இப்றாஹீம் நபி கேட்டார், அல்லாஹ் கேட்டான். கையிலிருக்கும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு ஏன் தூரத்துச் சொல்லைத் தேட வேண்டும்?

அல்லாஹ்வைக் ‘கேட்பவன்’ என்றால் யாசிப்பவன் என்ற மயக்கம் வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பேச்சில் ‘துஆக் கேட்பவன்’ என்றால் அடியான். ‘துஆவைக் கேட்பவன்’ என்றால் றப்பு. இரண்டாம் வேற்றுமை உருபு ஒன்றே இரண்டையும் பிரித்துவிடுகிறது. 127ஆம் வசனத்தில் செயப்படுபொருள் இல்லாததால், அங்கே மட்டும் ‘யாவற்றையும்’ என்று ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டிவரும்.