நெட் நியூட்ராலிட்டி: பாதி வென்ற சண்டை

2025 ஜனவரி 2ஆம் தேதி அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்.சி.சி. போட்டிருந்த நெட் நியூட்ராலிட்டி விதிகளை ரத்து செய்தது. நண்பர் ஒருவர் உடனே வாட்ஸப் அனுப்பினார்: "பாத்தியா? அரசாங்கம் இன்டர்நெட்டுல கை வைக்கக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு."

கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. பிராட்பேண்ட் என்பது சட்டப்படி 'தகவல் சேவை'; அதைத் தொலைபேசி மாதிரி 'தொலைத்தொடர்பு சேவை' என்று வகை மாற்றிக் கட்டுப்படுத்த எஃப்.சி.சி.க்கு அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னது. நாளைக்கே அமெரிக்க காங்கிரஸ் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றினால் இந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்காது. ஆனால் நண்பரின் பயத்தை அப்படியே தள்ளிவிடவும் மனசு வரவில்லை. கம்பெனியைக் கட்டுப்படுத்தும் கை நாளைக்கு நம்மையும் கட்டுப்படுத்தாதா? நியாயமான கேள்விதான். இதற்கு அமெரிக்காவை வைத்துப் பதில் தேடுவதைவிட நம் நாட்டுக் கதையை வைத்துத் தேடுவது நல்லது என்று தோன்றுகிறது. அங்கே 2015இல் விதி வந்தது, 2017இல் போனது, 2024இல் மறுபடி வந்தது, 2025இல் மறுபடி போனது. ஆட்சி மாறினால் விதி மாறும். இந்தியாவிலோ விதி வந்தது, நின்றது. நின்ற பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க முடிகிறது.

முதலில் விஷயம் என்னவென்று சுருக்கமாக. மின்வாரியம் உங்கள் வீட்டு மிக்ஸி எந்த கம்பெனி என்று பார்த்து யூனிட் விலை வைப்பதில்லை. இத்தனை யூனிட், இத்தனை ரூபாய், அவ்வளவுதான். கேபிள் டிவி அப்படியில்லை. இந்த பேக்கில் இந்த சேனல், அந்த சேனலுக்குத் தனிக் காசு. இன்டர்நெட் மின்சாரம் மாதிரி இருக்க வேண்டுமா, கேபிள் மாதிரி இருக்க வேண்டுமா என்பதுதான் நெட் நியூட்ராலிட்டி சண்டையின் சாரம்.

இங்கே சண்டை சூடு பிடித்தது 2014 டிசம்பரில். ஸ்கைப், வைபர் மாதிரியான இன்டர்நெட் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. 2015 ஏப்ரலில் 'ஏர்டெல் ஜீரோ' வந்தது. ஆப் கம்பெனி காசு கட்டினால் அந்த ஆப்பைப் பயன்படுத்துபவருக்கு டேட்டா செலவு இல்லை. அதில் சேர இருந்த ஃபிளிப்கார்ட் எதிர்ப்பைப் பார்த்து விலகியது. டிராய் கருத்து கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன.

பிறகு வந்தது ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்'. ஏழைகளுக்கு சில தளங்கள் இலவசம். எந்தத் தளம் உள்ளே வரலாம் என்பதற்கான தொழில்நுட்ப நிபந்தனைகளை வைத்தது ஃபேஸ்புக். எதிர்த்தவர்களைப் பார்த்து, "ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறதே, அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று கேட்டார்கள். இது லேசான வாதம் இல்லை. அன்லிமிடெட் பிளானில் உட்கார்ந்துகொண்டு இதைச் சிரித்து ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய் முடிவு சொன்னது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது. 2018இல் தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலருக்கு மட்டும் வேகம் கூட்டுவது எல்லாம் கூடாது என்ற விதி சேவை நிறுவனங்களின் உரிமத்திலேயே சேர்க்கப்பட்டது.

பொதுவாக இதைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடுவார்கள். "அப்புறம் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது, ஏழைகளுக்கு முழு இன்டர்நெட்டே கிடைத்தது" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். விலை சரிந்தது உண்மை. ஆனால் அது டிராய் விதியால் நடந்ததல்ல. பெரிய முதலீட்டோடு ஒருவர் இறங்கி நடத்திய விலைப் போர் அது. சின்ன கம்பெனிகள் பல காணாமல் போய், இன்று சந்தையில் பெரும்பங்கு இரண்டு கம்பெனிகள் கையில் இருக்கிறது. அதை விதியின் வெற்றிக் கணக்கில் எழுதுவது சரியில்லை.

என் முக்கியமான விமர்சனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டது. 2020 ஜனவரி 10ஆம் தேதி அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை முடக்கி வைக்க முடியாது, முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. அடுத்து என்ன நடந்தது தெரியுமா? இணையம் ஒரு பட்டியலோடு திரும்பி வந்தது. முதலில் 153 தளங்கள், சில நாளில் 301. அதுவும் 2ஜி வேகத்தில். சமூக ஊடகம் கிடையாது. பட்டியலில் இருக்கும் தளத்தை மட்டும் திறக்கலாம்.

இதையும் ஃப்ரீ பேசிக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, உனக்கு இந்தத் தளங்கள் போதும் என்று முடிவு செய்கிறார். ஃப்ரீ பேசிக்ஸ்காரனுக்கு வேறு சிம் வாங்கும் வழியாவது இருந்தது. காஷ்மீர்க்காரருக்கு அதுவும் இல்லை. ஆனால் சட்டப்படி பார்த்தால் முதலாவது குற்றம், இரண்டாவது குற்றமில்லை. ஏனென்றால் 2018 விதியில் விலக்குகள் உண்டு. சட்டப்படி அரசு இடும் உத்தரவை நிறைவேற்றுவது அதில் ஒன்று. பட்டியல் 2020 மார்ச்சில் போனது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். நடுவில் கொரோனா, பிள்ளைகள் 2ஜியில் ஆன்லைன் வகுப்பு.

அப்படியானால் நண்பர் சொன்னது சரியா? "நான் அப்பவே சொன்னேன்ல, அரசாங்கத்தை உள்ள விட்டா இப்படித்தான்" என்பாரே?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இணையத்தை முடக்கும் அதிகாரம் நெட் நியூட்ராலிட்டி விதியிலிருந்து வரவில்லை. அது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்தும், அதன்கீழ் 2017இல் போட்ட தற்காலிக முடக்க விதிகளிலிருந்தும் வந்தது. அதற்கு முன் 144 தடை உத்தரவை வைத்தே முடக்கினார்கள். இப்போது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன்கீழ் 2024இல் வந்த புதிய விதிகளும் அந்த இடத்தில் இருக்கின்றன. அதாவது டிராய் 2016இல் ஃப்ரீ பேசிக்ஸை அனுமதித்திருந்தாலும் காஷ்மீரில் இதேதான் நடந்திருக்கும். கம்பெனிகளுக்கு விதி போடாமல் விட்டால் அரசின் கை கட்டப்படும் என்பது தப்புக் கணக்கு. அந்தக் கை வேறு வாசல் வழியாக எப்போதோ உள்ளே வந்துவிட்டது. விதியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு எஜமானர்கள்.

ஆனால் நம் பக்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 2015இல் பத்து லட்சம் மின்னஞ்சல் அனுப்பினோம். 2020இல் எத்தனை அனுப்பினோம்? இணைய உரிமைக்காக வேலை செய்யும் சில அமைப்புகளும் வழக்கறிஞர்களும் நீதிமன்றத்தில் போராடினார்கள், உண்மை. ஆனால் இன்டர்நெட் காலுக்குக் காசு கேட்டபோது கொதித்த கூட்டம் அப்போது எங்கே போயிற்று? நான் எங்கே போனேன்? அந்த வருடம் இதைப் பற்றி நான் ஒரு பதிவுகூட எழுதவில்லை. நம் பில்லில் கை வைத்தபோது அது கொள்கைப் பிரச்சனையாகத் தெரிந்தது. அடுத்தவர் ஊரில் நடந்தபோது சட்டம் ஒழுங்குப் பிரச்சனையாகத் தெரிந்துவிட்டது.

எந்த விதியைப் பார்த்தாலும் இரண்டு விஷயம் கேட்கலாம். இது யாரைக் கட்டுப்படுத்துகிறது? மீறினால் யாரிடம் போய்க் கேட்பது? 2016 விதி முதல் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னது: கம்பெனியை. அபராதத் தொகையோடு சொன்னது. முடக்க உத்தரவுக்கும் ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது. ஆனால் அதில் உட்காருபவர்கள் அரசின் செயலாளர்களேதான். அரசு தப்பாக முடக்கினால் நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்று எந்த விதியும் சொல்வதில்லை.

நண்பருக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதவில்லை. "பயம் சரி, மருந்து தப்பு" என்று மட்டும் அனுப்பினேன். கட்டைவிரல் எமோஜி வந்தது. ஒத்துக்கொண்டாரா, பேச்சை முடித்துக்கொண்டாரா தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.