விதைப்புக்கு முந்திய கூட்டம்

ஒரு போகம் தொடங்குவதற்கு முன்னர்க் கமக்காரர் ஓரிடத்தில் கூடி, வாய்க்கால்களை எப்போது துப்புரவு செய்வது, விதைப்பை எந்த நாளில் ஆரம்பித்து எந்த நாளில் முடிப்பது, எத்தனை மாத வயதுடைய நெல்லை விதைப்பது, மாடுகளை எந்தத் தேதிக்குள் வயல்வெளியாகிய வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது என்றெல்லாம் பேசித் தீர்மானித்துக் கொள்ளும் வழக்கம் கிழக்கிலங்கையில் மிகப் பழையது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இவ்வழக்கத்தைப் படைக்கவில்லை. முன்னரே நிலவிய ஊர்வழக்குகளுக்கு, வயலுடையோரில் பெரும்பான்மையோரின் சம்மதத்தின் பேரில், சட்டத்தின் வலிமையைக் கொடுத்ததே அது செய்த காரியம். பின்னர் வந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயல்களை மேற்பார்த்த பழைய விதானைமாரின் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1979இல் ஒரு சட்டமும் 2000இல் மற்றொரு சட்டமும் வந்தன. ஸ்தாபனங்களின் பெயர்கள் மாறின. கூட்டம் மாத்திரம் மாறாமல் நின்றது. இன்றும் பொத்துவிலிலோ கல்முனையிலோ ஒருவர் விவசாய அறிவு மக்களிடையே எவ்வாறு பரிமாறப்படுகிறது என்று கேட்பாராயின், இந்த ஆரம்பக் கூட்டத்தையே முதலிற் காட்டுவார்கள். அதன் மேன்மையையும் குறையையும் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீர் சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய பகுதிகளின் வயல்களைச் செழிக்கச் செய்தபோதிலும், தெற்கே பொத்துவில்வரை அது எட்டவில்லை. பொத்துவிலின் நெல்வயல்களில் மிகுதியானவை வடகீழ்ப் பருவமழையை நம்பிய மானாவாரி வயல்கள். சிறு குளங்களும் ஹெட ஓயாவும் துணை நிற்பது ஓரளவுக்கே. ஒரு புறம் கடலும் உப்பேறிய களப்பும், மறுபுறம் லகுகலைக் காட்டின் யானைக் கூட்டமுமாக, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் இது. வாய்க்கால் நீர் பாயும் வட்டையில் பிறந்த புத்தி வானம் பார்த்த வட்டைக்கு அப்படியே பொருந்தாது என்ற எளிய உண்மையை, அறிவைப் பரப்பப் புறப்பட்டவர்களில் எத்தனையோ பேர் மறந்துபோனதால் விளைந்த துன்பங்கள் பல.

அயலாரிடமிருந்து அயலார் கற்கும் பழைய முறையின் சிறப்பு இவ்விடத்திலேதான் விளங்குகிறது. முதல் மழைக்கு முன்னர்க் காய்ந்த நிலத்தை உழுது புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது மானாவாரிக் கமக்காரனின் பெரும் துணிகரச் செயல். சில நாள் முந்தினால், ஏமாற்று மழையொன்றில் முளைத்த பயிர் அடுத்த வெயிலிற் கருகும். சில நாள் பிந்தினால், வெள்ளம் விதையை அடித்துக்கொண்டு போகும். எந்தப் பள்ளம் முதலில் நிறையும், எந்த மேட்டில் உப்புப் பூக்கும், கடற்காற்று திரும்பியபின் எத்தனை நாளில் மழையை எதிர்பார்க்கலாம் என்னும் அறிவு எந்தத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரத்திலும் அச்சாகவில்லை. அது அந்தந்த வட்டைக்குப் பிரத்தியேகமானது. தகப்பனிடமிருந்து மகனுக்கும், வயலை மேற்பார்க்கும் முல்லைக்காரனிடமிருந்து கூலியாளுக்கும், தேநீர்க் கடை வாங்கிலில் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குமாக வாய்மொழியாக வந்துசேர்வது.

யானைக் காவலை எடுத்துக்கொள்வோம். எந்த வழியாக மந்தை இறங்கியது, எந்த வேலியை முறித்தது என்ற செய்தி, விடிவதற்கு முன்னரே பரணுக்குப் பரண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை மறைத்து வைக்க எவனும் எண்ணுவதில்லை. இன்று என் வயலில் நுழைந்த யானை நாளை உன் வயலில் நுழையும் என்பதை நிரூபிக்க ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் பூச்சியும் களையும் அவ்வாறே வயல்விட்டு வயல் தாவுவனவாயினும், அவற்றின் பயணம் கண்ணுக்குத் தெரியாதபடி மெதுவாக நிகழ்வதனால், அவற்றைப் பற்றிய அறிவு அந்த வேகத்தில் ஓடுவதில்லை. ஆபத்து உடனடியாகவும் பொதுவாகவும் புலப்படும் இடத்தில் மனிதர் தாராளமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். அது தாமதித்துத் தனித்தனியே வந்து தாக்கும் இடத்தில் வாய் மூடிக்கொள்கிறார்கள்.

புதியதை ஏற்றுக்கொள்வதில் இந்த மக்கள் பின்வாங்கினார்கள் என்று குறை சொல்பவர்கள் விதைநெல்லின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1958இல் வெளிவந்த எச்-4 என்ற இனம், உத்தியோகத்தர்களின் பிரசங்கத்தைக் காட்டிலும் களவெட்டியில் குவிந்த பொலியின் காட்சியினாலேயே பரவிற்று. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குட்டை இனங்கள் அதன்பின் வந்தபோது, பழைய இனங்களான பச்சைப்பெருமாளும் சீனட்டியும் ஒரு தலைமுறைக்குள்ளாகவே வயல்களை விட்டு ஒதுங்கிவிட்டன. ஒருவன் நல்ல விளைச்சல் கண்டால், மறு போகத்துக்கு மச்சானும் மைத்துனனும் அவனிடமே விதைநெல் கேட்டு வருவார்கள். பணம் கைம்மாறாமலேகூட விதை கைம்மாறும். உறவென்ற பாலத்தின் வழியாக ஓடும் இந்தப் பரிமாற்றத்தின் வேகத்தைப் போன்ற வேகம் எந்த அரசாங்கத் திட்டத்துக்கும் வாய்த்ததில்லை.

அதே பாலத்தின் மீதுதான் பன்றிநெல்லும் வந்தது. பயிரோடு பயிராக முளைத்து, இளமையில் நெல்லினின்று வேறுபடுத்தி அறிய முடியாதபடி வளர்ந்து, அறுவடைக்கு முன்னரே மணிகளை உதிர்த்து மண்ணில் பதுங்கிக்கொள்ளும் இக்களைநெல், 1990களில் அம்பாறை முதலான மாவட்டங்களிற் கவனத்துக்கு வந்தபின், நாடெங்கும் பரவியது. பரவிய வழிகளுட் பிரதானமானவை இரண்டு: கலப்படமான விதைநெல்லும், வயலுக்கு வயல் கழுவப்படாமற் செல்லும் அறுவடை இயந்திரமும். மச்சான் அன்போடு கொடுத்த மூட்டைக்குள் அவனும் அறியாத சத்துரு இருந்தது. நெல்லைக் கொல்லாமல் இதை மாத்திரம் கொல்லும் களைநாசினி சாதாரணமாகக் கிடைப்பதில்லை. முளைக்கவிட்டு அழித்தபின் விதைப்பதும், வீசி விதைப்பதை விட்டு நாற்று நடுவதுமே பரிகாரங்கள். மழைக்கும் கூலிக்கும் பயந்த மானாவாரிக் கமக்காரனுக்கு இவ்விரண்டும் எளிதல்ல. விதையை நம்பிக் கொடுக்கும் பண்பு ஓர் ஊரின் உயர்ந்த குணந்தான்; ஆயினும் நம்பிக்கை விதையைச் சுத்தம் செய்துவிடாது.

இப்போது குறையின் மையத்துக்கு வருவோம். வட்டையில் உலவும் அறிவு பெரும்பாலும் முடிவாக உலவுகிறதேயன்றிக் காரணமாக உலவுவதில்லை. “என்ன மருந்து காக்கா அடிச்சீங்க?” என்று வரம்பில் நின்று கேட்பவனுக்கு ஒரு போத்தலின் பெயர் பதிலாகக் கிடைக்கும், எந்தப் பூச்சிக்கு, எந்தப் பருவத்தில், எதற்காக என்பது கிடைக்காது. நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சியின் கதை இதற்குத் தக்க உதாரணம். விதைத்த முதல் வாரங்களில் இலை சிறிது வெளுத்துவிட்டது என்று மருந்து தெளிப்பவன், அறக்கொட்டியைத் தின்று வாழும் சிலந்திகளையும் வண்டுகளையும் முதலிற் கொன்றுவிடுகிறான். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டு, நெருக்கமாகவும் விதைத்திருப்பானாயின், பின்னர் வரும் பூச்சிக்குத் தடையற்ற விருந்து காத்திருக்கும். தெளித்தும் பயிர் எரிந்துபோனதைக் கண்ட அயலான், தெளிக்காமல் விட்டிருந்தால் இன்னும் கேடாகியிருக்கும் என்று எண்ணித் தானும் தெளிக்கிறான். பார்த்துக் கற்றல் என்னும் முறை, பார்த்தது தவறான அனுமானத்தைத் தருமிடத்தில், தவறையே ஊர் முழுவதற்கும் பாடமாக்கிவிடுகிறது.

இந்தச் சூழலில் கிருமிநாசினிக் கடைக்காரர் உபதேசியாகிவிட்டதில் வியப்பில்லை. அவர் ஊரிலேயே இருக்கிறார். நம் பாஷையிலேயே பேசுகிறார். சூடடித்து முடியும்வரை கடனும் கொடுக்கிறார். கடன்பட்டவன் ஆலோசனையை மறுப்பது எங்ஙனம்? கடைக்காரரை வஞ்சகர் என்று ஏசுவது சுலபம். வாஸ்தவத்தில் அவர் வெற்றிடத்தை நிரப்பியவர். அந்த வெற்றிடம் எப்படி உண்டாயிற்று என்பதும் தெரிந்த கதைதான். 1979இல் உலக வங்கியின் ஆதரவோடு வந்த பயிற்சியும் தரிசனமும் என்ற முறையின்படி, விரிவாக்க உத்தியோகத்தர் இரு வாரத்துக்கு ஒருமுறை தெரிந்தெடுக்கப்பட்ட கமக்காரரைச் சந்திப்பார். அந்தக் கமக்காரர் ஏனையோருக்குச் சொல்வார் என்பது எதிர்பார்ப்பு. தெரிந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாலும் வசதியுள்ளவராகவே இருந்தமையால், அறிவு அவர் வாசலோடு தங்கியது. பின்னர் 1989இல், கிராம மட்டத்தில் கடமையாற்றிய அந்த உத்தியோகத்தர்களுள் ஏறக்குறைய 2,400 பேர் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டார்கள். வயலுக்கு வந்துபோன மனிதர், அத்தாட்சிப் பத்திரத்தில் ஒப்பமிடும் மனிதராகிவிட்டார்.

காரணத்தைக் கற்பிக்க முயன்ற முறை ஒன்று உண்டு. அது கமக்காரர் வயற்பள்ளி. இந்தோனேசியாவில் 1989இல் உருவாகி, பின்னர் இலங்கைக்கும் வந்த இம்முறையில், கமக்காரர் ஒரு போகம் முழுவதும் வாராவாரம் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, நன்மை செய்வன எவை, தீமை செய்வன எவை என்று தாமே கண்டறிகின்றனர். தென்னிலங்கையில் நடந்த ஆய்வொன்று, இப்பள்ளியிற் படித்தவர்கள் பூச்சிநாசினியை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள் என்று கண்டது. ஆனால் அவர்கள் கற்றது பள்ளிக்கு வராத அயலாருக்கு ஏறக்குறையப் பரவவேயில்லை என்றும் கண்டது. போத்தலின் பெயரை வரம்பில் நின்று ஒரு வார்த்தையிற் சொல்லிவிடலாம். சிலந்தியின் பயனைச் சொல்ல ஒரு போகம் வேண்டும். எளிதாகப் பரவுவது ஆழமற்றது, ஆழமானது எளிதாகப் பரவாது என்ற இத்தடுமாற்றத்துக்கு இன்றளவும் ஒருவரும் பூரணமான விடை கண்டதாகத் தெரியவில்லை.

அந்த விடையை ஓரளவு நெருங்கியவர்கள் நம் அம்பாறை மாவட்டத்திலேயே இருந்தார்கள். 1981இல், கல்லோயா இடதுகரையில், அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை ஒழுங்கமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியிருக்கச் செய்தன. அவர்கள் உபதேசம் செய்யவில்லை. வீடு வீடாகச் சென்று கமக்காரரின் கஷ்டங்களைக் கேட்டு, ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாகக் கூடிப் பேசவைத்தார்கள். குளத்தில் நீர் அருகியிருந்த அச்சமயத்தில், வாய்க்காலைத் தாமே வெட்டித் துப்புரவாக்கி முறைவைத்து நீர் பகிர்ந்ததோடு, தலைப்பிலிருந்த சிங்களக் கமக்காரர் கடைக்கோடியிலிருந்த தமிழ்க் கமக்காரருக்கும் நீர் விட்டுக்கொடுத்தார்கள். இனப்பகை மூண்டு வந்த காலம் அது என்பதை மறக்கலாகாது. குறையும் இருந்தது: ஒழுங்கமைப்பாளர்களின் வேலை நிரந்தரமானதல்லவாகையால், ஆசிரியர் நியமனம் கிடைத்தவுடன் பலர் போய்விட்டார்கள். இம்முயற்சியில் ஈடுபட்டிருந்த நோர்மன் அப்ஹொஃப் என்ற பேராசிரியர், பின்னாளில், மடகாஸ்கரில் லொலானியே என்ற பாதிரியார் கமக்காரரோடு பழகி உருவாக்கிய நெற்செய்கை முறையை உலகெங்கும் பிரசாரம் செய்தார். தமிழ்நாட்டில் அதற்குத் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர். இளநாற்றை ஒவ்வொன்றாக அகல நட்டு, நீரைக் கட்டிவைக்காமற் காயவிட்டுப் பாய்ச்சும் அம்முறையைப் பொத்துவிலுக்குச் சொல்பவர், நீரை அளந்து விடும் வாய்க்காலையும் உடன் கொண்டுவருதல் உத்தமம்.

மேலிருந்து கீழே மாத்திரம் ஓடும் அறிவின் விபரீதத்தை 2021 எல்லாருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, சேதன விவசாயத்தின் நன்மைகளைப் பற்றிய விரிவுரைகளுக்குக் குறைவில்லை. ஒரு ஏக்கருக்கு எவ்வளவு கூட்டெரு வேண்டும், அதை எங்கே தயாரிப்பது, எத்தனை போகங்களுக்குப் பின்னர் மண் தேறும் என்ற கேள்விகளை வட்டையில் நின்ற எந்தக் கமக்காரனும் கேட்டிருப்பான், கேட்கவும் செய்தான். கேள்வி மேலே ஏறும் படிக்கட்டு இருக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் பாதிவழி வந்துவிட்டது, விளைச்சலும் வீழ்ந்தது.

ஆரம்பக் கூட்டத்தில் இடம்பெறாத இன்னொரு குரலும் உண்டு. விதைநெல்லை உலர்த்தித் தூற்றிப் பதர் நீக்குவதும், வேப்பிலையும் நொச்சியும் இட்டுப் பேணுவதும், எந்த அரிசி அவித்தால் உடையும், எதன் மா பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் இசையும் என்று அறிவதும் பெண்களின் கைக்குரியவை. விளைச்சலைக் கணக்கிட்டு இனத்தைத் தெரிவு செய்யும் கூட்டம், அடுப்படியின் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. பழைய இனங்கள் மறைந்தபோது அவற்றோடு மறைந்த பக்குவங்களை ஒருவரும் கணக்கெடுக்கவுமில்லை.

ஆயினும் எல்லாவற்றிலும் பெரிய குறை, கூட்டம் நடக்கும் காலத்தைப் பற்றியது. விதைப்புக்கு முன்னர், வரப்போகும் போகத்தைப் பற்றி எல்லாரும் சமமாக அறியாதிருக்கும் வேளையில், சட்டமே நம்மைக் கூட்டிவைக்கிறது. வேளாண்மை வெட்டி முடிந்தபின், எவன் எதை விதைத்தான், எப்போது உரமிட்டான், எவ்வளவு விளைந்தது, எது கைவிட்டது என்ற சாட்சியங்கள் புத்தம் புதியனவாக இருக்கும் வேளையில், கூடுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. கடன்காரர் களத்திலேயே வந்து நிற்கிறார், நெல் லொறியேறுகிறது, தோற்றவன் வெட்கத்தால் பேசுவதில்லை, வென்றவன் கண்ணூறுக்குப் பயந்து பேசுவதில்லை.

விளைச்சலை நேர்மையாக அளக்கும் சந்தர்ப்பம் ஒன்று நம்மிடம் இல்லாமலில்லை, அதுதான் முஸ்லிம்களின் கட்டாய தர்மமான ஸகாத். மழைநீரால் விளைந்ததிற் பத்தில் ஒரு பங்கும், உழைத்தும் செலவழித்தும் நீரிறைத்து விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டுமென்ற மார்க்க விதி, மானாவாரிக் கமக்காரனையும் தன் மூட்டைகளைச் சரியாக எண்ணச் செய்கிறது. கமநல நிலையத்தின் படிவத்தில் மூட்டையைக் குறைத்தும் கூட்டியும் எழுதத் தயங்காதவன்கூட இக்கணக்கில் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறான். ஸகாத்தைக் கூட்டாகத் திரட்டும் பள்ளிவாசல்களில், விளைந்த மூட்டையோடு விதைத்த இனத்தையும் விதைத்த நாளையும் பெயரில்லாமற் குறித்துவைத்து, போகம் முடிந்தபின் ஒருநாள் அவற்றை வட்டையோருக்கு வாசித்துக் காட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஆக்ஷேபமும் உடனே எழும்: தர்மத்தின் கணக்கை உலகக் காரியத்துக்குப் பயன்படுத்தலாமா, பெயரில்லாவிடினும் சிறு ஊரில் எவனுடைய கணக்கென்று ஊகிக்க எவ்வளவு நேரமாகும், பங்கு குறைந்தவனின் மானம் என்னாகும்? இக்கேள்விகள் அற்பமானவையல்ல. அவற்றுக்கு விடை சொல்லவேண்டியவர்கள் மரைக்காயர்மாரும் ஆலிம்களும் கமக்காரருமே; பேராதனையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அது வந்துசேரப் போவதில்லை.