கறிவேப்பிலைச் செடியில் ஒரு வேடக்காரி

தாளிக்கிற அவசரத்தில் கறிவேப்பிலை ஒடிக்கப் போனால், கொழுந்திலையின் மேல் குருவி எச்சம். முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கொத்தை ஒடித்து வருவோம். எத்தனையோ வருஷம் நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒருநாள் அந்த எச்சம் தலையை நீட்டி இலையின் ஓரத்தைக் கடித்தது.

அது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டியில் ஒரு செடி வைத்தால் மொட்டை மாடிக்குக்கூடத் தேடி வந்துவிடும், அவ்வளவு சாதாரணப் பூச்சி. கூத்துப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு ஒப்பனையில் கொஞ்சம் கண் உண்டு. அரிதாரம் யாரும் பூசலாம். வேடம் நிற்பதும் விழுவதும் சில்லறை விஷயங்களில். இந்தப் புழுவின் உடம்பில் அழுக்குப் பழுப்பும் நடுவில் சுண்ணாம்புத் திட்டும் இருப்பது பெரிதில்லை. மேலே ஓர் ஈரப் பளபளப்பு இருக்கிறதே, இப்போதுதான் விழுந்ததுபோல, அங்கேதான் கைதேர்ந்த வேலை தெரிகிறது. இலையின் மேற்புறத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி அசையாமல் கிடப்பதும் அந்த வேடத்தில் சேர்த்திதான். எச்சம் எங்கேயாவது ஒளிந்துகொள்ளுமா?

முட்டை கடுகைவிடச் சின்னது. வெளிர்மஞ்சள், நல்ல உருண்டை. தாய் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போவதில்லை, ஒவ்வொன்றாக ஒட்டிவைப்பாள். மூன்று நாள் போல ஆனதும் வெளியே வரும் புழுவுக்கு முதல் சாப்பாடு தன் முட்டை ஓடு. பிறகு தின்பதும் தோலுரிப்பதும்தான் பிழைப்பு.

நான்காவது முறை தோலை உரித்ததும் வேடம் மாறுகிறது. உடம்பு பெருத்துவிட்டது, அத்தனை பெரிய எச்சம் போடும் குருவி ஏது? ஆகவே இலைப்பச்சை. பக்கவாட்டில் சாய்வாக இரண்டு மூன்று பட்டைகள். மார்புப் பகுதி புடைத்து, அதில் இரண்டு பொய்க்கண்கள். நிஜத் தலை அடியில் மடங்கிக் கிடக்கும். குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பு சடக்கென்று நீளும், கூடவே அழுகிய நாரத்தை போல ஒரு நெடி. பொய்க்கண்ணும் பிளந்த நாக்குமாக, ஒரு கணம் குட்டிப் பாம்பேதான். எனக்கு இந்தக் காட்சி சற்று மிகைநடிப்பாகத்தான் படுகிறது. எச்சமாகக் கிடந்த நாட்களின் அடக்கம் இதில் இல்லை.

தின்று முடித்த புழு வயிற்றைக் காலிசெய்துவிட்டு இடம் தேடி அலையும். பட்டு நூலால் சின்னத் திண்டு ஒன்று நெய்து, அதில் வாலைப் பதிக்கும். இடுப்பைச் சுற்றி ஓர் இழையைக் கட்டி, தலை மேலாகப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். தென்னை ஏறுகிறவர் கயிற்றில் முதுகைக் கொடுத்து இளைப்பாறுவது போல. பச்சைத் தண்டில் நின்றால் கூடு பச்சையாக இருக்கும், பட்ட குச்சியிலோ சுவரிலோ நின்றால் பழுப்பாக இருக்கும். சில கூடுகளில் ஒருநாள் ஊசிக்குத்துப் போல ஓட்டை தெரியும். உள்ளே பொடிக்குளவிகள் தின்று வளர்ந்து போய்விட்டன என்று அர்த்தம். தப்பிய கூடு பத்து நாள் போல ஆனதும் வெடிக்கும்.

வெளியே வருவது ஆணென்றால் சொல்ல அதிகமில்லை. கறுப்பு, பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், ஒரு வால். நம்மூரில் பெண் மூன்று விதம். ஒருத்தி ஆணைப் போலவே இருப்பாள். ஒருத்தி ரோஜா அழகி என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் சாயலில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும் வைத்துக்கொள்வாள். மூன்றாமவள் சிவப்புடல் அழகியைப் பார்த்து முன்சிறகில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பாள். அந்த இரண்டு அசல்காரிகளும் ஆடுதீண்டாப்பாளை வகைகளைத் தின்று வளர்பவர்கள். ஆடே தீண்டாத செடியின் நஞ்சு அவர்கள் உடம்பில் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை வராது. நம் கறிவேப்பிலைக்காரியிடம் அந்த நஞ்சு இல்லை, உடுப்பு மட்டும் உண்டு.

வெவ்வேறு இனமென்று பெயரிடப்பட்டிருந்த இவர்கள் ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று 1865இல் விளக்கியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஆங்கிலத்தில் இதைக் காமன் மார்மன் என்பார்கள். பலதார மணத்துக்குப் பேர்போன மார்மன் சபையாரை நினைத்து வைத்த கேலி. வீட்டு மருமகளின் பெயர்போல இருக்கும் நம் பெயரே எனக்கு மேல்.

வேடத்துக்கான சாவி ஒரே மரபணுவில் இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் 2014இல் அதைக் காட்டினார்கள்: பூச்சி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதில் பங்குள்ள ‘டபுள்செக்ஸ்’ மரபணு. ஆணும் அதைச் சுமக்கிறான், ஆனால் ஒருநாளும் உடுத்துவதில்லை. அப்பாவின் பெட்டியில் மடித்துக்கிடந்த சேலையை மகள் கட்டிக்கொண்டு பறக்கிறாள்.

அப்படியானால் எல்லாப் பெண்களும் ஏன் வேடம் கட்டவில்லை? போலிகள் பெருத்தால் பறவைகள் துணிந்து கொத்தி ருசி கண்டுவிடும். அசல்காரிகள் அரிதான சிம்லா மலைப்பக்கம் வேடமில்லாதவளே அதிகம் தென்படுகிறாள். பார்த்து அஞ்சியவர் இல்லாத ஊரில் அந்த உடுப்புக்கு என்ன மதிப்பு?

தரம் பார்த்தால், ரோஜா அழகி வேடம் முதல் தரம். சிவப்புடல் வேடம் ஒரு மாற்றுக் குறைவு, சாயம் மங்கல். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அசல்காரிகளின் உடம்பில் சிவப்பு இருக்கும், இவள் உடம்பு கறுப்பு. சிறகு முழுக்கத் தீட்டியவள் உடம்பை மறந்துவிட்டாள். நடையிலும் ஒரு பிசகு: நஞ்சுள்ளவள் மெத்தனமாக மிதப்பாள், துரத்தினால் இவளோ வேடத்தை மறந்து விருட்டென்று பாய்வாள்.

போன வாரம் இட்லிப் பூவில் ஒரு சிவப்புடல் அழகி தேன் குடித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் உடம்பு சரியாகத் தெரியவில்லை. கறுப்புப் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. அங்கிருந்து கிளம்பி, நிதானமாக வேலியைத் தாண்டி, கறிவேப்பிலைச் செடிக்கு வந்தாள். சிறகை நிறுத்தாமலே முன்கால்களால் ஒரு கொழுந்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு வயிற்றை வளைத்தாள்.