வில்லனின் நிலமும் ஒட்டகத்தின் கிணறும்

எல்லவுக்குச் செல்லும் உல்லாசப் பயணி இன்று கட்டணம் செலுத்தி இராவணனைப் போல் பறக்கலாம். ‘பறக்கும் இராவணன்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் அங்கே ஒரு சாகசப் பூங்கா இயங்குகிறது. தேயிலைச் சரிவுகளுக்கு மேலாக அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்தில் கம்பி வடம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பயணியை வாரில் பிணைத்து மேட்டிலிருந்து விட்டுவிடுகிறார்கள். அவர் காற்றைக் கிழித்துக்கொண்டு மறுமுனையை அடைகிறார். புஷ்பக விமானத்தில் பறந்த மன்னனின் நாடு இது என்பதே அந்தப் பெயர் தரும் செய்தி.

இலக்கியச் சஞ்சிகையில் கம்பி வடத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். கதையைச் சொல்வது ஒன்று. கேட்பவனையே கதைக்குள் இறக்கிவிடுவது வேறொன்று. கேளிக்கைப் பூங்காக்களை அமைப்போர் இரண்டாவதைச் செய்கிறார்கள். இருண்ட வழி, ஒலி, மணம், ஒடுங்கிய வாசல், பின் திடீரென விரியும் வெளி, ஓடும் வண்டி ஆகிய யாவும் சேர்ந்து பார்வையாளனை ஒரு பாத்திரமாக்கிவிடுகின்றன. எந்தப் பாத்திரமாக ஆக்குகின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்ற கேள்விகள் எந்தப் புனைவையும் நோக்கி நாம் கேட்கும் கேள்விகளே. ஆகவே அந்நிலங்களும் விமர்சனத்துக்கு உட்பட்ட பிரதிகள் எனலாம்.

வில்லன்களுக்கென்று நிலம் அமைப்பது இப்போது உலகளாவிய வணிகம். புளோரிடாவிலுள்ள தனது மஜிக் கிங்டம் பூங்காவில் வில்லன்களுக்கு மட்டுமேயான ஒரு பகுதியைக் கட்டப்போவதாக 2024 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனம் அறிவித்தது. அதே மாநிலத்தில் 2025 மே மாதம் திறக்கப்பட்ட யுனிவர்சல் நிறுவனத்தின் எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் பிராங்கன்ஸ்டைன், டிராகுலா முதலிய பழைய திரைப்பட அரக்கர்களுக்கு ஒரு தனி நிலமே இருக்கிறது. நல்லவனின் கோட்டையை விடக் கெட்டவனின் குகையே கூட்டத்தை இழுக்கிறது. இதில் வியப்பில்லை. தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் எந்த ஆசிரியரும் இதை அறிவார். பாத்திரம் பிரிக்கும்போது பிள்ளைகள் முந்திக்கொண்டு கை உயர்த்துவது அரக்கன் வேடத்துக்குத்தான். அவனுக்கே உடுப்பு, அவனுக்கே சிரிப்பு, அவனுக்கே பெரிய வசனம்.

டிஸ்னியின் பழைய சவாரிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் 1955இல் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டபோதே ஸ்னோ வைட் சவாரி அங்கே இருந்தது. அதில் சூனியக்காரி அடிக்கடி வந்தாள். ஸ்னோ வைட் வரவேயில்லை. வண்டியில் அமர்ந்திருக்கும் நீங்கள்தான் அந்தப் பெண், துரத்தப்படுவது நீங்கள்தான் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆழமான எண்ணம்தான். ஆனால் வந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. கதாநாயகி எங்கே என்று கேட்டார்கள். 1983இல் புதுப்பித்தபோது அவளுடைய உருவத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

மற்றையது 1967இல் அங்கே தொடங்கிய கரீபியக் கடற்கொள்ளையர் சவாரி. படகில் அமர்ந்து, கொள்ளையடிக்கப்படும் ஒரு துறைமுக நகரினூடாகப் போக வேண்டும். கயிற்றில் கட்டப்பட்ட பெண்களைக் கொள்ளையர்கள் ஏலம் விடும் காட்சி ஒன்று அதில் இருந்தது. அரை நூற்றாண்டாக மக்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். 2018இல் அமெரிக்கப் பூங்காக்களில் அக்காட்சி மாற்றப்பட்டது. இப்போது ஏலம் போவது கொள்ளைப் பொருள்கள். விற்கப்படுவதற்காக நின்ற செந்தலைப் பெண்ணே கொள்ளைக்காரியாகி அருகில் நிற்கிறாள்.

மாற்றியது நல்லதுதான் என்று பலர் சொல்வார்கள். பெண் விற்கப்படுவதைப் பார்த்துச் சிரிப்பதை என்னாலும் ஏற்க முடியாது. ஆயினும் அங்கே நடந்தது என்ன? குற்றம் நீக்கப்பட்டது, குற்றவாளி நீக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவள் குற்றவாளியின் உடுப்பை அணிந்துகொண்டாள். முன்பு அவளது துயரம் நகைச்சுவையாக இருந்தது. இப்போது அந்தத் துயரமே இல்லை. எஞ்சியிருப்பது தொப்பியும் வாளும் பாட்டும். வில்லனின் நிலம் விற்பனைக்குத் தயாராவது இவ்வாறுதான்.

இதே கண்ணோடு எமது நாட்டுக்கு வருவோம். சுற்றுலாத்துறை இராமாயணப் பாதை என்ற பெயரில் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களைத் தொடுத்துப் பயணிகளுக்குக் காட்டுகிறது. நுவரெலியாவுக்கு அருகே சீதா எலிய கோவில். எல்லவிலிருந்து வெல்லவாய போகும் வீதியோரத்தில் இராவணன் நீர்வீழ்ச்சி. அதற்கு அண்மையில் அவனது குகை. இந்தியாவிலிருந்து வரும் பக்தருக்கு இது சீதை சிறையிருந்த மண். சிங்கள இளைஞர் பலருக்கோ இது விமானம் ஓட்டிய, மருத்துவம் அறிந்த, அந்நியரால் இழித்துரைக்கப்பட்ட ஒரு பேரரசனின் நாடு. நாட்டின் முதல் ஆய்வுச் செய்மதி 2019 ஏப்ரல் 17இல் விண்ணுக்கு ஏவப்பட்டபோது அதற்கு ‘இராவணா-1’ என்று பெயரிட்டார்கள். ஒரே நீர்வீழ்ச்சி, இரண்டு கதைகள்.

தமிழரும் இதற்கு விலக்கல்லர். திருகோணமலையில் இராவணன் வெட்டைக் காட்டி அவனைச் சிவபக்தனாகக் கொண்டாடுகிறோம். தமிழகத்தில் புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட இராவண காவியம் அவனைத் தமிழ் வேந்தனாக்கியது. 1948இல் அரசு அந்நூலைத் தடைசெய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. தோற்றவன் பக்கத்திலிருந்து கதையைச் சொல்வது அன்று ஓர் எதிர்ப்பாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. வெற்றி பெற்றவன் எழுதிய கதையில் வில்லனாக்கப்பட்டவனுக்கும் ஒரு வழக்கு உண்டு. அதைக் கேட்டாக வேண்டும்.

ஆனால் வழக்கைக் கேட்பது வேறு, வழக்கையே இல்லாமலாக்குவது வேறு. புஷ்பக விமானம் இராவணன் செய்ததன்று. தமையன் குபேரனிடமிருந்து பறித்தது. அவன் வான்வழியே சென்ற பயணங்களில் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒன்றைத்தான். அதில் அவன் தனியே போகவில்லை; விரும்பாத ஒரு பெண்ணைக் கொண்டு போனான். தடுக்க வந்த ஒரு முதிய பறவை சிறகறுந்து விழுந்தது. எல்லவின் கம்பி வடத்தில் பறத்தல் மட்டும் இருக்கிறது. கொண்டுசெல்லப்பட்டவளும் இல்லை, விழுந்த பறவையும் இல்லை.

சென்ற ஆண்டு எமது பாடசாலைப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக எல்லவுக்கு அழைத்துச் சென்றோம். கட்டணம் அவர்களுக்கு எட்டாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கூச்சலிட்டார்கள். திரும்பிய பின் ‘நான் இராவணனானால்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். 31 கொப்பிகளிலும் விமானம் பறந்தது. சீதை நான்கு கொப்பிகளில் வந்தாள், அதுவும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு. பிள்ளைகளை நான் குறைகூற மாட்டேன். நிலம் எதைக் காட்டியதோ அதை எழுதினார்கள்.

இராமாயணம் எமது மார்க்க நூல் அன்று. ஆயினும் நீதிபதி மு.மு. இஸ்மாயில் போன்ற ஒருவர் கம்பனில் தோய்ந்து எழுதியிருக்கும்போது முஸ்லிம் வாசகன் இதைப் பேசுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கம்பன் இராவணனைச் சிறுமைப்படுத்தவில்லை. அவனுடைய வீரம், இசை, செல்வம், காதல் வேட்கை அனைத்துக்கும் இடம் கொடுக்கிறான். அதே வேளை அசோகவனத்தில் இருப்பவளை ஒருபோதும் மறக்கவிடவில்லை. செய்தது தவறு என்பதை எதிரியின் வாயால் அல்லாமல் கும்பகர்ணன் வாயால், வில்லனின் சொந்த அரண்மனையிலேயே சொல்லவைக்கிறான். வில்லனை உயர்த்துவதும் குற்றத்தை மறைக்காதிருப்பதும் ஒரே பிரதியில் இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிங்களக் கிராமியக் கலையிலும் சான்று உண்டு. தென்பகுதியில் ஆடப்படும் பதினெட்டுச் சன்னிச் சடங்கில் நோய்களைத் தரும் பேய்கள் முகமூடி அணிந்து ஒவ்வொன்றாக அரங்குக்கு வருகின்றன. மேளகாரருடன் வாதிடுகின்றன, கேலிக்கு உள்ளாகின்றன, காணிக்கை பெற்றுப் புத்தரின் ஆணைக்குப் பணிந்து போய்விடுகின்றன. பேய்க்கு அங்கே நிறைய இடம் இருக்கிறது. ஆனால் அத்தனை ஆட்டத்தின் முன்னாலும் நோயாளி அமர்ந்திருக்கிறார். அவருக்காகவே எல்லாம் நடக்கிறது. அதே முகமூடியை நினைவுப்பொருளாக வாங்கிச் சுவரில் மாட்டும்போது நோயாளி இல்லாமற் போகிறார். பேய் மட்டும் மிஞ்சுகிறது.

எமது மரபு இதைப்பற்றி என்ன சொல்கிறது? அழிக்கப்பட்ட சமூகங்களின் இடங்களைப் பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. ஆகவே கொடியவனின் நிலத்துக்குப் போவதே பிழை என்று சொல்வதற்கில்லை. எவ்வாறு போவது என்பதில்தான் விடயம் இருக்கிறது. ஹிஜ்ரி 9இல் தபூக் நோக்கிச் சென்ற வழியில் நபி (ஸல்) அவர்களின் படை அல்-ஹிஜ்ரைக் கடந்தது. ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்தைக் கொன்ற ஸமூது கூட்டத்தாரின் குடியிருப்பு அது. அழுகின்ற உள்ளத்தோடு அல்லாமல் அங்கே நுழைய வேண்டாமென்று நபியவர்கள் அறிவுறுத்தியதாகவும் முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விரைந்து கடந்ததாகவும் ஹதீஸ்களில் வருகிறது. அங்குள்ள கிணறுகளின் நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். நீர் எடுக்க அனுமதித்தது ஒரேயொரு கிணற்றில். கொல்லப்பட்ட அந்த ஒட்டகம் நீரருந்திய கிணற்றில்.

நான் பலமுறை வாசித்த ஹதீஸ்தான். இந்தக் கட்டுரைக்காக மீண்டும் வாசித்தபோது, வில்லனின் நிலத்தை எப்படி அமைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எனக்குத் தென்படவில்லை. மலையைக் குடைந்த அவர்களின் திறமையை எவரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் வழிப்போக்கனின் தாகம் தீர வேண்டிய இடம், அநீதி இழைக்கப்பட்ட உயிரின் இடம். இன்று அதே அல்-ஹிஜ்ர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் 2008 முதல் இருக்கிறது. சவூதி அரசு அதை உல்லாசப் பயணத்துக்குப் பெரிதாகத் திறந்துவிட்டிருக்கிறது. அங்கே கண்முன் நிற்கும் கல்லறைகள் நபத்தேயர்களுடையவை என்பது ஆய்வாளர் முடிவு. எனினும் அங்கே போகும் முஸ்லிம், புகைப்படம் எடுப்பதற்கு முன் அந்தக் கிணற்றை நினைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் பூங்காக்காரர்களுக்கு மட்டும் சொல்வதன்று. வில்லனாவது என்னவென்று அண்மைக்காலத்தில் எமக்குத் தெரியவந்தது. இராவணனின் பெயரையே சூடிக்கொண்ட ‘இராவண பலய’ 2013ஆம் ஆண்டளவில் மாடறுப்புக்கு எதிராகப் பிரசாரம் செய்ததை நாம் மறக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. மார்ச்சில் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திகனவும் தெல்தெனியவும் எரிந்தன. ஒரு சமூகம் முழுவதற்கும் வில்லன் முகமூடி மாட்டப்பட்டது. அதைப்பற்றி நாம் எழுதினோம், எழுதியதும் அவசியமே.

ஆனால் என் வாசிப்புக்கு எட்டிய திகனக் கதைகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் தொடங்குகின்றன. பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் எமது இளைஞர் சிலரால் தாக்கப்பட்டுப் பின்னர் இறந்த லொறிச் சாரதி அவற்றில் வருவதில்லை. வந்தாலும் ஒரு காரணமாக வருகிறாரேயன்றி மனிதராக வருவதில்லை. அந்த ஒரு குற்றத்துக்காக ஊர்களைக் கொளுத்தியதை எந்த நியாயமும் தாங்காது. அதைச் சொல்வதற்கு அவரை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. 2019 ஏப்ரல் 21 பற்றிய எமது புனைவுகளிலும் இக்குறை இருக்கிறது. குண்டு வைத்தவனின் வீடு, அவன் மூளை சலவை செய்யப்பட்ட விதம், பின்னாலிருந்த சதி, பிறகு எமக்கு நேர்ந்த அவமானம் ஆகியவை விரிவாக வருகின்றன. உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்குப் புத்தாடை அணிந்து போன பிள்ளை வருவதில்லை. அன்று இறந்தவர்கள் 250க்கு மேற்பட்டோர். அவர்களில் ஒருவருக்காவது முகம் தந்த கதைகள் எத்தனை?

இது நல்லிணக்கத்துக்காக விடுக்கும் வேண்டுகோள் அன்று. எழுத்தின் முழுமை பற்றிய கேள்வி. ஸுமையா (ரலி) இல்லாமல் அபூஜஹ்லைப் பற்றி எமது பிள்ளைகளுக்கு எவரும் சொல்வதில்லை. அவன் யாரைக் கொன்றான் என்பதிலிருந்தே அவனை அறிகிறோம். அதே அளவுகோலை எமது கதைகளுக்கும் வைக்க வேண்டும். கொடியவனின் உள்ளத்தை எழுதுகிறவர் எழுதட்டும்; அவனுக்கு மாளிகையும் கட்டட்டும். அந்த நிலத்தில் ஒட்டகத்தின் கிணறு எங்கே இருக்கிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு எழுதட்டும்.