கையெழுத்துப் போடாதவர்கள்

இலங்கை இனப்பிரச்சினையில் வெளியார் செய்த சமரச முயற்சிகளில் முழுமையாக அளந்து பார்க்கத் தக்கவை இரண்டு. 1983 முதல் 1990 வரை இந்தியா எடுத்தது ஒன்று. 2000 முதல் 2008 வரை நார்வே எடுத்தது மற்றொன்று. இரண்டும் தோற்றன. ஏன் தோற்றன என்ற இடத்தில்தான் நம் விவாதங்கள் சறுக்குகின்றன. சென்னையில் அபிராமபுரத்திலோ ஆழ்வார்பேட்டையிலோ எந்தக் கூட்டத்தில் இதைப் பேசினாலும், டெல்லியின் ஆணவம், ஆஸ்லோவின் அப்பாவித்தனம் என்று இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதா.

இந்திய முயற்சியின் பலம் அதன் உள்ளடக்கம். 1983 இறுதியில் இந்தியாவின் சிறப்புத் தூதர் ஜி. பார்த்தசாரதி உருவாக்கிய ‘இணைப்பு சி’ வரைவு தொடங்கி, 1985 திம்புப் பேச்சு, 1986 டிசம்பர் 19 யோசனைகள் என்று அதிகாரப் பகிர்வுக்குப் படிப்படியாக ஒரு வடிவம் கிடைத்தது. 1987 ஜூலை 29 ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாகவேனும் இணைத்தது. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி தந்தது. 13ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் மாகாண சபைகளுக்கும் வழிவிட்டது. தமிழ்க் கட்சிகள் முப்பது ஆண்டுகள் கேட்டும் சட்டப் புத்தகத்தில் ஏறாதவை இவை.

பலவீனம் அதன் முறை. போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்த அரசே நடுவராக அமர்ந்தது, பிறகு பிணை நின்றது, கடைசியில் துப்பாக்கி ஏந்தியது. இத்தனை வேடத்தையும் ஒருவரே கட்டினால் யார் நம்புவது? கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள், சண்டையிட்டவர்கள் இடவில்லை. டெல்லி அசோகா ஓட்டலில் புலிகளின் தலைவர் பிரபாகரனிடம் வாங்கிய அரைச் சம்மதத்தின் தரம் ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் அவர் பேசியபோதே விளங்கிவிட்டது. அக்டோபர் 10இல் இந்தியா அனுப்பிய அமைதிப்படையே புலிகளுடன் போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் அது திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். பலியான ஈழத்தமிழ் மக்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்றுவரை இல்லை.

தமிழர் தரப்பு ஒரே தரப்பு அல்ல என்பது டெல்லிக்குத் தெரியாததல்ல. 1982 மே மாதம் பிரபாகரனும் போட்டி இயக்கத் தலைவர் உமாமகேசுவரனும் பாண்டி பஜாரில் சுட்டுக்கொண்டதைத் தி.நகரே பார்த்தது. 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தை ஆயுதத்தால் அழித்தார்கள். சிங்களத் தரப்பின் பிளவு அதைவிட வெளிப்படை. அதிபர் ஜெயவர்த்தனாவின் சொந்தப் பிரதமர் பிரேமதாசாவே ஒப்பந்தத்தை எதிர்த்தார். 1989இல் அதிபரானதும் இந்தியப் படையை வெளியேறச் சொன்னார், புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். அமைதிப்படையை வெளியேற்றுவதில் கையெழுத்திடாத இருவரும் கைகோத்துக்கொண்டார்கள்.

நார்வே இந்தப் பாடத்தைப் பாதி படித்தது. அதற்கு அங்கே படை இல்லை, தளம் இல்லை, தேர்தல் கணக்கும் இல்லை. 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்தத்தில் சண்டையிட்ட இரு தரப்பும் நேரடியாகக் கையெழுத்திட்டன. ஏ-9 சாலை திறந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொருள் போயிற்று. ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. அந்த அமைதியில் உயிர் தப்பியவர்களின் எண்ணிக்கையை எந்தத் திறனாய்வும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் உள்ளடக்கத்தை நார்வே பிற்பாட்டுக்கு ஒத்திவைத்தது. 2002 டிசம்பரில் ஆஸ்லோவில் கூட்டாட்சியை ஆராயலாம் என்று வந்த இசைவு, ஆராயப்படாமலே போயிற்று. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவால் மீறல்களைக் குறித்துக்கொள்ள முடிந்தது, தடுக்க முடியவில்லை. 1990இல் வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குப் பேச்சு மேசையில் தனித் தரப்பாக இடம் கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய பிழை, பிரதமர் ரணிலின் கையெழுத்தை நாட்டின் கையெழுத்தாக எடுத்துக்கொண்டது. 2003 நவம்பரில் அதிபர் சந்திரிகா மூன்று அமைச்சுகளைப் பறித்தபோது, நார்வே யாரிடம் பேசுவது என்றே தெரியாமல் நின்றது. தன் முயற்சியை வெளி ஆய்வாளர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்து, 2011இல் அந்த அறிக்கையை வெளியிட்ட நேர்மைக்காக நார்வேக்கு ஒரு மதிப்பெண் கூட்டலாம். இந்தியா அப்படிச் செய்யவில்லை.

புலிகளின் பிடிவாதமே எல்லாவற்றுக்கும் காரணம் என்போர் உண்டு. 2005 தேர்தலில் வடக்கின் வாக்குகளை அவர்கள் முடக்கியதும் மகிந்த ராஜபக்சே 50.29 சதவீதத்தில் வென்றதும் அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனால் 1957இல் புலிகள் இல்லை. தமிழருக்கு அதிகாரம் பகிர முயன்ற பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டவர், முப்பது ஆண்டு கழித்து ராஜீவ் காந்தியுடன் கையெழுத்திட்ட அதே ஜெயவர்த்தனா. 1965 டட்லி–செல்வா ஒப்பந்தமும் எதிர்க்கட்சியின் கூச்சலில்தான் மடிந்தது.

எதிர்க்கட்சியே தீர்வைக் கவிழ்க்கும் இந்த நோயைச் சரியாகக் கண்டவர் ஒரே ஒரு வெளியார்தான். பிரிட்டிஷ் அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் 1997இல் புலிகளை விட்டுவிட்டு, அதிபர் சந்திரிகாவையும் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரணிலையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்: தீர்வு விஷயத்தில் ஒருவர் காலை ஒருவர் வாரக் கூடாது. நோயறிதல் துல்லியம், மருந்து வேலை செய்யவில்லை. 2000 ஆகஸ்டில் சந்திரிகா கொண்டுவந்த புதிய அரசியல் சட்ட வரைவை ரணிலின் கட்சியினர் நாடாளுமன்றத்திலேயே கொளுத்தினார்கள்.

ஒப்பிட இந்தோனேசியாவின் ஆச்சே இருக்கிறது. அதே 2004 சுனாமி, அதைப்போன்ற நீண்ட போர். 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சின்கியில் பின்லாந்தின் முன்னாள் அதிபர் அஹ்திசாரி பெற்றுத் தந்த உடன்பாடு நிலைத்தது. அவருடைய சாமர்த்தியம் மட்டும் காரணமல்ல. துணை அதிபர் யூசுப் கல்லாவே கோல்கார் கட்சித் தலைவராகவும் இருந்ததால், ஜகார்த்தா நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சி பேச்சுக்குப் பின்னால் நின்றது. அடுத்த ஆண்டே ஆச்சே ஆட்சிச் சட்டம் நிறைவேறியது. போராளிகளும் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். இலங்கையில் சுனாமி நிவாரணத்துக்கான கூட்டு அமைப்பையே 2005 ஜூலையில் உச்சநீதிமன்றம் முடக்கியது.

ஆக, வெளியாரால் துப்பாக்கியை நிறுத்த முடியும். அழுத்தம் கொடுத்தால் சட்டத்தில் ஓர் இடத்தையும் வாங்கித் தர முடியும். உள்ளூர் எதிர்க்கட்சியின் சம்மதத்தை வாங்கித் தர முடியாது. அது இல்லாத அமைதி நீடிக்காது. முறையில் நார்வே மேல், சாதனையில் இந்தியா மேல். அந்தச் சாதனையும் குறைபட்டே நிற்கிறது: வடக்கு–கிழக்கு இணைப்பை 2006 அக்டோபரில் நீதிமன்றம் ரத்து செய்தது, காணி, போலீஸ் அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வரவேயில்லை, 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் அங்கே ஆளுநரின் நிர்வாகம்தான்.